ஊரை அடிக்கும் வீரன் வீட்டில் ஊமையா?

மங்களூர் என்றதும் கன்னட நாட்டுக் கடற்கரைப் பட்டினத்தை எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நான் சொல்வது நம் கடலூர் மாவட்டத்து மங்களூர். விருத்தாசலத்திற்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்து வயிறு வளர்க்கும் உழைப்பாளிகளின் ஊர். 2001-இல் தொல். திருமாவளவன் அவர்களைச் சட்டமன்றத்திற்கு அனுப்பி வைத்த தொகுதி. தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபின், 2011 தேர்தல் முதல் திட்டக்குடி என்று பெயர் மாறிய தொகுதி.

அந்த ஊரில் கூட்டம் ஒன்று முடித்து, தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தேன். கடைத் தொலைக்காட்சியில் ‘கில்லி’ ஓடிக்கொண்டிருந்தது. 2004-இல் தரணி இயக்கத்தில் விஜய் நடித்த படம். 20 ஆண்டு கழித்து 2024-இல் மீண்டும் கொட்டகைக்கு வந்தபோதும் கூட்டம் கூட்டமாய் மக்கள் பார்த்த படம். அதில் நடித்தவர் அதே 2024-இல் கட்சி தொடங்கினார் என்பது வேறு கதை. அந்த அரசியலை இன்னொரு நாள் பேசுவோம். இன்று படத்தைப் பேசுவோம்.

மதுரையையே மிரட்டும் முத்துப்பாண்டியின் கழுத்தில் கத்தியை வைத்து, அவன் பிடியிலிருந்து ஒரு பெண்ணை மீட்டு, அவன் ஆள்களின் கண்ணெதிரே வண்டியேறிப் போகிறான் கதாநாயகன். கடையில் கைதட்டல்! அடுத்து, அதே வீரன் சென்னையில் தன் வீட்டுக்குள் பூனைபோல் நுழைகிறான். காவல்துறை அதிகாரியான தந்தைக்குத் தெரியாமல், தாய்க்குத் தெரியாமல், அந்தப் பெண்ணைத் தன் அறையில் ஒளித்து வைக்கிறான். கடையில் சிரிப்பு!

என் அருகே ஒரு தந்தையும் மகனும். தந்தைக்கு அய்ம்பது வயதிருக்கும், மகனுக்கு இருபத்திரண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்பவன் என்று பிறகு தெரிந்தது. தந்தை என் தொடையைத் தட்டிச் சொன்னார்:

“பாத்தீங்களா தம்பி! ஊரையே பொளக்கிறான். ஆனா அப்பன் முன்னாடி மூச்சு விடல பாருங்க. அதான் மரியாதை!”

மகன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரியவர் சொன்ன சொல் என்னை விடவில்லை. பேருந்தில் தொடர்ந்தது, படுக்கையில் தொடர்ந்தது. மரியாதையா அது? அல்லது அச்சத்திற்கு நாம் போர்த்திய பட்டாடையா?

நகைச்சுவை கூடாது என்று சொல்பவனல்ல நான். சிரிப்பைக் கண்டு சீறும் சிடுமூஞ்சிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவனும் அல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைத் தந்த நாடு இது. அவர் நாட்டைச் சிரிக்க வைத்தார். சிரித்தவனைச் சிந்திக்கவும் வைத்தார். சிரிப்பிலே சிந்தனை பிறக்கும் என்பதை நம் இயக்கம் மறுத்ததில்லை. மேடையிலும் நாடகத்திலும் திரையிலும் அதை ஆயுதமாகவே ஏந்தியது. ஆகவே அடிதடியும் சிரிப்பும் கலந்த படம் வேண்டாம் என்பதல்ல என் வழக்கு. அந்தப் படங்களிலே எதைக் கண்டு சிரிக்கிறோம், எதைக் கண்டு கைதட்டுகிறோம் என்பதுதான் என் வழக்கு.

வீரனும் அவனைப் பெற்றவர்களும் என்ற கதை நமக்குப் புதிதா? இல்லை. புறநானூற்றுக் காலம் தொட்டு வருவது. ஒக்கூர் மாசாத்தியார் காட்டிய தாயை நினைத்துப் பாருங்கள். தமையனைக் களத்தில் இழந்தவள். கணவனையும் களத்தில் இழந்தவள். எஞ்சிய ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். அவள் மகனை அடைத்து வைக்கவில்லை, அனுப்பி வைத்தாள்! பொன்முடியார் என்னும் புலவர் கடமைகளைப் பகுத்துச் சொன்னாரே, அதையும் நினைத்துப் பாருங்கள். தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒரு கடமை, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு கடமை, வேந்தனுக்கு ஒரு கடமை, கடைசியில் காளைக்கு ஒரு கடமை. ஒருவர் கடமை முடியும் இடத்தில் அடுத்தவர் கடமை தொடங்குகிறது. பெற்றவர்களின் பங்கு பெரிது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதல்லவா அந்தப் பட்டியலின் பொருள்?

இது தமிழன் கண்ட வழி. இன்னொரு வழியும் இந்த நாட்டில் கதையாய்ச் சொல்லப்பட்டது. பரசுராமன் கதை! கையிலே கோடரி, தோளிலே வலிமை, அரச குலங்களையே அழித்தவன் என்று புராணம் புகழ்கிறது. அந்த வீராதி வீரனிடம் தந்தை சொல்கிறார், தாயின் தலையை வெட்டு என்று. வெட்டினான்! “ஏன்?” என்று ஒரு சொல் கேட்கவில்லை. கோடரி தூக்கக் கை எழுந்தது. கேள்வி கேட்க நா எழவில்லை. இவனை வீரன் என்பதா? ஏவியதைச் செய்யும் எந்திரம் என்பதா?

வேல் கொடுத்து வழியனுப்பிய தாய் ஒரு பக்கம்; கேள்வி கேளாத கோடரி ஒரு பக்கம். நம் திரைப்பட வீரன் எந்தப் பக்கம் நிற்கிறான்? அதைத்தான் பார்க்கவேண்டும்.

1954-இல் வந்தது ‘மனோகரா’. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், கலைஞரின் உரையாடல், எல்.வி.பிரசாத் இயக்கம்; நடிகர் திலகம் சிவாஜியும் கண்ணாம்பாவும் மகனாகவும் தாயாகவும் நின்ற காட்சி. தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கொதிக்கும் நெஞ்சைக் கட்டிப்போட்டுக் காத்திருக்கிறான் மகன். ஆனால் அந்தத் தாய் இறுதிவரை அவனை அடக்கிவைக்கவில்லை. அநீதி எல்லை மீறிய நாளில், சங்கிலியில் கிடக்கும் மகனை எழச் சொன்னவளும் அவளே. புறநானூற்றுத் தாயின் பேத்தி அவள்! அந்தக் காட்சிக்குத் தமிழ்நாடு ஏன் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது? அது பணிவின் வெற்றியன்று. பணிவு எங்கே முடியவேண்டும் என்பதைத் தாயே அறிவித்த வெற்றி.

பிறகு மக்கள் திலகத்தின் காலம். ‘தாய்க்குப்பின் தாரம்’ 1956-இல், ‘தாய் சொல்லைத் தட்டாதே’ 1961-இல், ‘தாயைக் காத்த தனயன்’ 1962-இல், ‘தெய்வத்தாய்’ 1964-இல். பெயர்களே கதை சொல்லும். சிலம்பம் சுழற்றும் கை, தாயின் காலடியிலே வணங்கும் கை. தாய்க்குலத்தின் நெஞ்சில் அந்த வீரன் இடம்பிடித்தான், தவறில்லை. ஆனால் மெல்ல மெல்லத் தாய் என்பவள் மனிதப் பிறவியாக இல்லாமல் பீடத்தில் ஏற்றப்பட்ட சிலையானாள். சிலையை வணங்கலாம், சிலையோடு பேச முடியுமா? சிலையிடம் வாதிட முடியுமா? வணங்கப்பட்டவளுக்கும் வாய் இல்லை. வணங்கியவனுக்கும் வாய் இல்லை.

அந்தப் பீடத்தை முதலில் அசைத்தது எது? சிரிப்புதான்! 1964-இல் சிரீதர் தந்த ‘காதலிக்க நேரமில்லை’. டி.எஸ்.பாலையா நடித்த பணக்காரத் தந்தையைப் பார்த்து நாடே சிரித்தது. சொத்துள்ள இடத்தில்தான் சம்பந்தம் என்று அலையும் தந்தை; அவரை ஏமாற்ற இளைஞர்கள் போடும் திட்டம். தந்தையின் அதிகாரத்தைப் பார்த்து மகளும் மகனும் சிரிக்கலாம் என்று காட்டியதே, அது பெரிய காரியம். ஆனால் உற்றுக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் தந்தையிடம் உண்மை பேசினார்களா? இல்லை. நண்பன் ஒருவனுக்கு நரைத்த தாடி ஒட்டி, பணக்காரத் தகப்பன் வேடம் போட்டல்லவா அழைத்து வந்தார்கள்! ஒரு தந்தையைச் சமாளிக்க இன்னொரு பொய்த் தந்தை தேவைப்பட்டான். சிரிப்பு வந்தது; நேர்மை வரவில்லை.

இந்த வேடிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1989-இல் வந்த மூன்றாவது ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்தில், பாம்பைத் தவிர எதற்கும் அஞ்சாத வீரனை, ஷான் கானரி நடித்த தந்தை “ஜூனியர்” என்று அழைத்தே கூனிக் குறுக வைப்பார். அந்தத் தந்தைக்கும் மகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கும் உண்மையில் பன்னிரண்டே வயதுதான் இடைவெளி! 1992-இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன், தோள் புடைத்த அந்த ராம்போ, ஒரு காவலராக நடித்தார். பார்க்க வந்த தாய் அவருடைய துப்பாக்கியைச் சோப்பு நீரில் கழுவி வைக்கிறாள். அந்தப் படத்தை அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள். ஆண்டின் மட்டமான நடிப்புக்கு என்றே கொடுக்கப்படும் பரிசை ஸ்டாலோனுக்கும் தாயாக நடித்த எஸ்டெல் கெட்டிக்கும் கொடுத்தார்கள். படம் எப்படியோ போகட்டும். ஆனால் அங்கே மகன் தாயிடம் கத்துகிறான், தாய் மகனிடம் கத்துகிறாள், பிறகு சேர்ந்து சிரிக்கிறார்கள். ஒளிப்பதில்லை. நம் கதையில்தான் ஒளிவு!

அதே 1992-இல் இங்கே ‘சின்ன கவுண்டர்’. விஜயகாந்துக்குத் தாயாக ஆச்சி மனோரமா. ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அந்தக் கலையரசி, சிலையாய் நிற்கும் தாயைச் சிரிக்கும் தாயாக்கினார். விஜயகாந்தை விருத்தாசலத்து மக்களுக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 2006 தேர்தலில் அவர் கட்சி வென்ற ஒரே தொகுதி விருத்தாசலம், வென்றவர் அவரே. அரசியலில் அவரோடு நமக்கு மாறுபாடு இருந்தது. 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது மாறுபாடு மறந்து மக்கள் கண்ணீர் விட்டார்கள். திரையில் தீமையை உதைத்தவர் நிசத்திலும் உதைப்பார் என்று நம்பி வாக்களித்த வட்டாரம் இது. அதனால்தான் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் திரைவீரன் வெறும் பொழுதுபோக்கல்ல. அவன் ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்றால் அதை உரசிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

வருகிறேன், 2004-ஆம் ஆண்டுக்கு. என்ன ஆண்டு அது! ஏப்ரலில் ‘கில்லி’. ஆகஸ்டில் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’. அக்டோபரில் ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’. மூன்றிலும் முரட்டு மகன், மூன்றிலும் பெற்றவர்கள், மூன்றிலும் சிரிப்பும் அடிதடியும்.

‘வசூல்ராஜா’வில் கமல்ஹாசன் ஊரை நடுங்க வைக்கும் ரவுடி. பெற்றோர் பார்க்க வரும்போது மட்டும் மருத்துவர்! வீடு மருத்துவமனையாகும், அடியாள்கள் நோயாளிகளாவார்கள். கிரேசி மோகனின் உரையாடலில் கொட்டகை குலுங்கியது. நாகேஷ் நடித்த தந்தை மகனுக்குப் பெண் பார்க்கப் போய், உண்மை வெளிப்பட்டு, அவமானப்பட்டு ஊர் திரும்பும்போது சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: கத்திக்கு அஞ்சாதவன், காவலருக்கு அஞ்சாதவன், தகப்பனிடம் “நான் இப்படித்தான் வாழ்கிறேன் அப்பா” என்ற ஒரு வரியைச் சொல்ல அஞ்சினான்.

‘கில்லி’யிலும் அதுவே. முத்துப்பாண்டியின் எதிரில் முழக்கம். அப்பாவின் எதிரில் அடக்கம். அவன் செய்த காரியம் என்ன, களவா? கொலையா? விருப்பமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்திய ஒருவனிடமிருந்து அவளைக் காத்தான். நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவேண்டிய செயல்! அதைத் திருட்டுப் பொருளை மறைப்பதுபோல் மறைத்தானே, ஏன்? வீட்டில் உண்மை பேசுவதைவிட மதுரையில் கத்தி எடுப்பது எளிதாக இருந்தது. இதுதானே பொருள்?

மூன்றாவது படம் வேறு. தெலுங்கில் பூரி ஜெகந்நாத் 2003-இல் எடுத்த கதையைத் தமிழில் ராஜா இயக்க, அவர் தம்பி ரவி நடித்தார். கணவனைப் பிரிந்து தனியே மகனை வளர்த்த தாயாக நதியா. குத்துச்சண்டை வீரனான மகன் அந்தத் தாயிடம் எதையும் மறைப்பதில்லை. தோழியிடம் பேசுவதுபோல் பேசுகிறான், காதலையும் பேசுகிறான். படத்தின் பெயரிலேயே தந்தை பெயர் இல்லை, தாயின் பெயர்! தாய் மறைந்தபின் மலேசியா சென்று தந்தையைப் பார்த்தபோதும், தாயின் மகனாகவே நிற்கிறான். பீடத்தில் இல்லாத தாயை மகன் எவ்வளவு நேசித்தான் என்று பாருங்கள். அச்சத்தை எடுத்துவிட்டால் அன்பு குறைந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்தப் படத்தை மறுபடியும் பார்க்கட்டும்.

“சரி அய்யா, இது சினிமா. சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? இதற்கு ஏன் இத்தனை நீட்டல்?” என்று கேட்பீர்கள்.

சொல்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

அந்த மூன்று படங்களும் வருவதற்கு முந்திய ஆண்டு, 2003. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை. ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து பொறியியல் பட்டம் பெற்ற ஓர் இளைஞன். அதே ஊரில் வேறு சாதியில் பிறந்த படித்த பெண். அவளுக்குப் பெற்றோர் சூட்டியிருந்த பெயர், நீதி கேட்டு மதுரையை எரித்த சிலப்பதிகாரத் தலைவியின் பெயர்! மே மாதத்தில் இருவரும் கடலூரில் முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சூலையில் இருவரையும் பிடித்து வந்து, நஞ்சு கொடுத்துக் கொன்று, எரித்தார்கள். பெண்ணின் வீட்டார்!

வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. 18 ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. தண்டனை பெற்றவர்களில் பெண்ணின் தந்தை இருந்தார், உடன்பிறந்தவன் இருந்தான், காவல்துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 2022-இல் உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக்கியது, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் எஞ்சியவர்களின் தண்டனையை உறுதி செய்தது. ஏறத்தாழ 22 ஆண்டுகள்!

மகனின் மணத்திலும் மகளின் மணத்திலும் பெற்றோர் தலையிடும்போது திரையில் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தத் தலையீட்டிற்கு எல்லை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை விருத்தாசலத்து மண் பார்த்திருக்கிறது. சிரிப்புப் படத்து அப்பாவும் கொலைக்களத்து அப்பாவும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கோடானுகோடி நல்ல தகப்பன்மார்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். ஆனால் இருவரும் நிற்கும் தரை ஒன்று: “என் பிள்ளையின் வாழ்வு என் உடைமை” என்ற எண்ணம். அந்தத் தரையில் முளைப்பது பெரும்பாலும் தொல்லை. சில வேளை கண்ணீர். சாதி என்ற நஞ்சு கலந்துவிட்டால் கொலை.

அதே 2004, டிசம்பர் மாதம், பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ வந்தது. அதிலே வீரன் இல்லை. வாகனம் பழுதுபார்க்கும் ஏழைப் பையன். பெண்ணின் வீட்டார் தலையிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சித்தம் கலைந்து தெருவில் நின்ற அவனைக் கண்டு நாடு விம்மியது. ஏப்ரலில் சிரித்த தமிழ்நாடு டிசம்பரில் ஏன் அழுதது? இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை அந்த ஓர் ஆண்டுத் திரையே நமக்குக் காட்டிவிட்டது.

இந்த நோய்க்கு மருந்து சொன்ன இயக்கம் எது? 1928-இலேயே புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் காட்டினார் தந்தை பெரியார். 1929-இல் செங்கற்பட்டு மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாகச் சொத்தில் பங்கு வேண்டும் என்றது. துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்றது. 1967-இல் பேரறிஞர் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வந்தது. அந்தச் சட்டத்தை வெறும் சடங்கு ஒழிப்புச் சட்டம் என்று எண்ணுகிறவர்கள் அதைப் படித்துப் பார்க்கவேண்டும். உறவினர், நண்பர், அல்லது வேறு எவர் முன்னிலையிலும் மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தால் போதும் என்கிறது அது. ஏற்றுக்கொள்ளவேண்டியவர்கள் இருவர்; மற்றவர் எல்லாம் சாட்சிகள்! பெற்றோர் வந்தால் பெருமை. வராவிட்டாலும் திருமணம் திருமணமே. 1989-இல் கலைஞர் ஆட்சி மகளுக்கும் சொத்துரிமை தந்தது. 2018-இல் உச்சநீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் புரிய ஊரின் ஒப்புதலோ குலத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று தெளிவாக்கியது. 2025 அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வகுப்பதற்குப் பரிந்துரை தர ஆணையம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும் காவலன். வாசலுக்கு உள்ளே நுழையக்கூடியது எது? கதை! பாட்டு! படம்! சமையலறை வரை, படுக்கையறை வரை, தாத்தாவின் சாய்வு நாற்காலி வரை போகக்கூடியது திரைப்படம் ஒன்றுதான். அதனால்தான் திரைத்துறைத் தோழர்களிடம் கேட்கிறேன்: உங்கள் வீரன் அய்ம்பது பேரை அடிக்கட்டும், அறுபது பேரை அடிக்கட்டும், நாங்கள் கைதட்டுகிறோம். ஆனால் அந்தச் சண்டைகளுக்கு நடுவே, ஒரே ஒரு காட்சியில், அவன் தன் வீட்டுக் கூடத்தில் நின்று, குரல் உயர்த்தாமல், கை ஓங்காமல், “அப்பா, இது என் முடிவு” என்று சொல்லட்டும்!

முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. 2006-இல் வந்த ‘பொம்மரில்லு’ என்ற தெலுங்குப் படத்தைத் தழுவி, 2008-இல் ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ வந்தது. முன்பு சொன்ன அதே ராஜா, அதே ரவி. சட்டை முதல் சம்பந்தம் வரை மகனுக்கு எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுக்கும் தந்தையாகப் பிரகாஷ்ராஜ். கடைசியில் மகன் மனம் திறந்து பேசுகிறான், தந்தை கேட்கிறார். குண்டு வெடிக்கவில்லை, கார் பறக்கவில்லை. ஆனாலும் கொட்டகை உறைந்து நின்றது. 2023-இல் மடோன் அஸ்வின் எடுத்த ‘மாவீரன்’ கதையையே தலைகீழாக்கியது. அங்கே மகன் கோழை. எதற்கும் அனுசரித்துப் போகச் சொல்பவன். தாய்தான் வீரம்! ஏழைகளுக்குக் கட்டித் தந்த வீடு உதிர்கிறதே என்று தட்டிக் கேட்பவள் சரிதா நடித்த அந்தத் தாய். மகன் பிறகுதான் நிமிர்கிறான். சிரிக்கவும் வைத்தார்கள், மானத்தையும் சொன்னார்கள். அந்தத் தாய், வேல் கொடுத்து அனுப்பிய தாயின் வழித்தோன்றல் அல்லவா?

பெற்றோர்களிடமும் ஒரு சொல். இது உங்களைத் தூற்றும் எழுத்தன்று. மானாவாரிக் காட்டில் வெயில் குடித்து, கந்துவட்டிக்குக் கழுத்தைக் கொடுத்து, பிள்ளையைப் படிக்க வைத்த கைகளை நான் அறிவேன். அந்தக் கைகளுக்கு வணக்கம். ஆனால் நம் விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டைக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். பொம்மை செய்யும் இடத்தில் அச்சு இருக்கும். கூழாய்க் கரைத்த மண்ணை அதில் ஊற்றுவார்கள். அச்சு நீரை மெல்ல உறிஞ்சும், மண் இறுகும், இறுகிய மண் சற்றே சுருங்கித் தானாக அச்சைவிட்டு விலகும். விலகியதை எடுத்துக் காயவைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். 1,000 டிகிரிக்கு மேல் வெப்பம்! அந்தச் சூளைக்குள் அச்சு கூடவே போவதில்லை. போனால் அச்சும் கெடும், பொம்மையும் கெடும். மண்ணுக்கு வடிவம் தந்தது அச்சுதான், அய்யமில்லை. ஆனால் விடவேண்டிய வேளையில் விட்டதால்தான் அது நல்ல அச்சு.

பெற்றோரே, நீங்கள் அச்சு. பிள்ளைகள் வெந்து உறுதிப்படவேண்டிய சூளை, வாழ்க்கை. அதற்குள் அவர்கள் தாமாகத்தான் போகவேண்டும்.

அந்தத் தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். படம் முடிந்தது. பெரியவர் காசு கொடுக்க எழுந்தார். அப்போது அந்தப் பையன், என்னைப் பார்க்காமல், தந்தையின் முதுகைப் பார்த்து மெல்லச் சொன்னான்:

“பயந்துகிட்டுதாம்ப்பா சொல்லாம இருக்கான். மரியாதைக்கு இல்ல.”

பெரியவர் திரும்பினார். ஒரு கணம் அவர் முகம் சிவந்தது. பிறகு கையிலிருந்த சில்லறையை எண்ணினார். எண்ணியதையே மறுபடி எண்ணினார். “அப்படியா சொல்ற?” என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை; கேள்வி இருந்தது. இருவரும் ஒரே மிதிவண்டியில் போனார்கள். மகன் மிதித்தான்; தந்தை பின்னால் அமர்ந்தார்.

வழியில் என்ன பேசினார்களோ, நான் அறியேன். பேசியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அய்ம்பது பேரை அடித்த வீரனுக்கு வராத துணிச்சல், பீங்கான் பட்டறையில் கூலி வாங்கும் அந்த இளைஞனுக்கு வந்தது. தோழர்களே, கைதட்டுவதானால் அவனுக்குக் கைதட்டுங்கள்!